சின்னம்மாவுக்கு: தம்பி பதில் போடாத நேரங்களைப் பற்றி

அன்புள்ள சின்னம்மா,

தம்பி கட்டாருக்குப் போனதிலிருந்து நீங்கள் சரியாக நித்திரை கொள்வதில்லை என்று அம்மா சொன்னார். எனக்கு அது முதலே தெரியும், இரவு இரண்டு மணிக்கும் நீங்கள் வட்ஸ்அப்பில் ஒன்லைனில் நிற்பது எனக்கும் தெரிகிறதுதானே. இதை நேரில் சொல்லாமல் எல்லாரும் வாசிக்க எழுதுகிறேன், ஏனென்றால் உங்களைப்போல எத்தனையோ அம்மாமார் எங்கள் போன் கடைக்கு வருகிறார்கள், போனை மேசையில் வைத்துவிட்டு "இதில ஏதோ பிழை, பிள்ளைக்கு மெசேஜ் போகுதில்லை, ஒருக்காப் பார்த்துத் தா தம்பி" என்கிறார்கள். திறந்து பார்த்தால் போனில் ஒரு பிழையும் இருக்காது, மெசேஜுக்குப் பக்கத்தில் ஒரேயொரு சாம்பல் ரிக், அந்தச் சரி அடையாளம், நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த அம்மாவின் கை நடுங்கிக்கொண்டிருக்கும். உங்கள் பேரையும் ஊரையும் நான் எழுதவில்லை, யோசிக்காதேங்கோ.

சரி, முதலில் இந்த ரிக் விஷயம். ஒரு சாம்பல் ரிக் என்றால் மெசேஜ் உங்கள் போனைவிட்டு வெளிக்கிட்டுவிட்டது, அவனுடைய போனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. சார்ச் இறங்கியிருக்கலாம், டேட்டா முடிந்திருக்கலாம், சிக்னல் இல்லாத இடத்தில் நிற்கலாம். இரண்டு சாம்பல் ரிக் என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது, அவன் இன்னும் திறக்கவில்லை. நீலமானால் திறந்துவிட்டான். அந்த அப்புக்குத் தெரிந்தது இவ்வளவுதான் சின்னம்மா. அவன் சாப்பிட்டானா, எங்கேயாவது விழுந்தானா, உங்களோடு கோபமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நீங்களோ அத்தனையையும் அந்த ரிக்கில் வாசிக்கிறீர்கள்.

கட்டார் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அது உங்களுக்குத் தெரியும், ஆனால் கோடை காலத்தில் அங்கே இன்னொன்று இருக்கிறது: ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3.30 வரை வெட்டவெளியில் வேலை செய்விக்கக்கூடாது என்று சட்டம். எங்கள் நேரத்துக்கு அது மத்தியானம் 12.30 இலிருந்து பின்னேரம் 6 மணி. அதனால் விடியப்புறமே தம்பியாக்களை வேலைக்கு ஏற்றிவிடுகிறார்கள், மத்தியானம் றூமுக்கு வந்து அடித்துப்போட்ட மாதிரிப் படுத்துவிடுகிறான். நீங்கள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, சாப்பிட மனமில்லாமல் அவனைத் தேடுகிற நேரம் அவனுக்கு நல்ல நித்திரை.

இப்படி அந்தரப்படுவது உங்களுடைய பலவீனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் எங்கே இருந்து வந்தவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை பூட்டினதுக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் இருக்கிற சொந்தத்துக்கு ஒரு சொல் சொல்லவேண்டும் என்றால் போகிற ஆளைத் தேடிப்பிடித்துக் கைக்கடிதம் கொடுத்துவிட்டோம். பதில் மாதக்கணக்கில் வரும், சிலவேளை வராமலே போகும். அதையும் தாங்கிக்கொண்டுதான் இருந்தோம். பிறகு யுத்தத்தின் கடைசி வருடம், 2009 வந்தது. ஒருவரைப் பற்றிச் சேதி இல்லை என்றால் என்ன நடந்திருக்கும் என்று அந்த வருடம் எங்கள் உடம்பு படித்துக்கொண்டது. மாமாவைப் பற்றி இன்றைக்கும் சேதி இல்லை. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது அம்மம்மாவும் அவருடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கொட்டிலில் போய் இருந்தார், அவருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனது நீங்கள்தான். அப்படிப் பட்ட உடம்புக்கு முன்னால் ஒரு போனை வைத்து, உன்ரை பிள்ளை கடைசியாக இத்தனை மணிக்குத்தான் இருந்தான் என்று நிமிடக் கணக்கில் எழுதிக் காட்டினால் அது பதறாமல் என்ன செய்யும்?

அந்தப் பதைப்பை ஒரு செற்றிங்கை மாற்றித் தீர்த்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அதை நாள்முழுக்கக் கிளறிக்கொண்டிருக்கிற சாமானைக் கொஞ்சம் அடக்கி வைக்கலாம், அதைத்தான் சொல்கிறேன்.

தம்பியோடு கதைத்துவிட்டேன். வேலை முடிந்து றூமுக்கு வந்ததும் "வந்திட்டன்" என்று ஒரு வொய்ஸ் போடுவான், ஒவ்வொரு நாளும். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு, அன்றைக்கு ஆறுதலாக வீடியோ கோல். இடையில் அவன் பேசாமல் இருந்தால் வேலையில் நிற்கிறான் அல்லது படுத்திருக்கிறான் என்றுதான் கணக்கு. அந்த வொய்ஸ் ஒரு நாள் வராமல் போனால் யாருக்கு எடுப்பது? அதற்காக அவனோடு இருக்கிற பொடியன்கள் இரண்டு பேரின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன், குசினிக் கலண்டரில் பெரிதாக எழுதிவிடுவோம். நான் கடையில் கண்ட அளவில், அம்மாமாரின் மனதை அமர்த்துவதில் இந்த இரண்டாவது நம்பருக்கு நிகராக ஒன்றுமில்லை. பிள்ளை எடுக்காவிட்டாலும் கேட்பதற்கு ஒரு ஆள் இருக்கிறது என்றால் மூச்சு வருகிறது.

அப்புறம் லாஸ்ட் சீன், ஒருவர் கடைசியாக எப்போது வட்ஸ்அப்பில் நின்றார் என்று காட்டுகிறது. தம்பியிடம் அவனுடையதை மறைக்கச் சொல்லவே தேவையில்லை. உங்களுடையதை மற்றவர்களுக்குக் காட்டாமல் மறைத்தால் அவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது, வட்ஸ்அப் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறது. நீல ரிக்கும் அதே மாதிரி, குரூப்பில் மட்டும் அதை நிறுத்த ஏலாது. முதல் சில நாள் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரித்தான் இருக்கும், எடுத்து எடுத்துப் பார்ப்பீர்கள், பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. அந்த நாட்களைக் கடந்துவிடுங்கள், அதற்குப் பிறகு கை தானாகப் போனைத் தேடுவது குறையும்.

இரவில் போன் தலையணைக்குக் கீழே வேண்டாம். விறாந்தை மேசையில் சத்தத்தைக் கூட்டி வையுங்கள். தம்பியின் நம்பருக்குத் தனி ரிங்ரோன் போட்டு, இரவு 9 மணிக்குப் பிறகு அவனுடைய கோலும் அந்தப் பொடியன்களின் கோலும் எங்களுடையதும் மட்டும் அடிக்கிற மாதிரிச் செய்து தருகிறேன், மற்றதெல்லாம் விடியும்வரைக்கும் சத்தம் போடாது. அப்போது போன் பேசாமல் கிடந்தால் அதற்கு ஒரே விளக்கம்தான், யாரும் அவசரமாகத் தேடவில்லை. (கடைக்கு வருகிற சில பெண்களுக்கு இது மறுவளம். போன் அடித்தாலே நடுங்குகிறார்கள், நுண்கடன் கட்டுக்காசு கேட்டு எடுப்பார்கள் என்ற பயம். அவர்களுக்குத் தனியாக எழுதவேண்டும்.)

குரூப்புகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கோயில் குரூப், பழைய மாணவர் குரூப், சீட்டுக் குரூப் எல்லாவற்றையும் மியூட்டில் போட்டு ஆர்கைவ் பண்ணிவிடலாம், கிராம சேவகர் அறிவித்தல் போடுகிற குரூப் மட்டும் போதும். மாரி மழைக்கு இரணைமடுக் குளத்துக் கட்டு உடைந்துவிட்டது என்று யாரோ அழுதுகொண்டு சொல்கிற வொய்ஸ் வந்தால், மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். பலதரம் பலபேர் கைமாறி வந்த மெசேஜுக்குத்தான் அந்தக் குறி விழும். நாளும் திகதியும் இல்லாத அந்த வொய்ஸ் எந்த வருடத்தினது என்றே தெரியாது. உண்மையில் பயமாக இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேளுங்கள். வான்கதவு திறப்பதென்றால் வழமையாகக் கீழே இருக்கிற சனத்துக்கு அறிவித்துவிட்டுத்தான் திறப்பார்கள்.

இவ்வளவும் செய்தும் நெஞ்சு இடிக்கிற நேரம் வரும். அப்போது போனை எடுக்காமல் கிணற்றடிக்குப் போய் முகத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள், பிறகு இழுக்கிற மூச்சைவிட விடுகிற மூச்சை நீட்டி, மெதுவாக விடுங்கள். விடுகிற மூச்சு நீளும்போது இதயத்தின் அடி குறையும், உடம்பின் அமைப்பே அப்படித்தான். இரவில் பிளேன்ரீ குடிப்பதையும் கொஞ்ச நாளைக்கு விடுங்கள். மாதக்கணக்காக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, நான் கூட்டிக்கொண்டு போகிறேன். போக மனமில்லாவிட்டால் 1926க்கு எடுத்துக் கதைக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். அங்கே போனால் சனம் என்ன சொல்லும் என்று நினைக்கிறீர்கள், தெரியும். பிரஷருக்குக் கிளினிக் போகவில்லையா நீங்கள்?

ஞாயிறு பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன். போனைச் சார்ச் போட்டு வையுங்கள், லொக் நம்பர் மறந்துபோனால் தம்பியிடம் கேட்டு வையுங்கள், அவனுக்குத்தான் தெரியும். கலண்டரில் எழுதுவதற்கு ஒரு தடித்த பேனையும் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பெறாமகன்