வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வட்டத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு நான் அறிக்கை வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "எத்தனை கூட்டம், எத்தனை பேர் என்பதெல்லாம் இருக்கட்டும். யார் பேச்சைக் கேட்டு யார் என்ன படித்தார்கள், அதைச் சொல்லுங்கள்." அன்று என்னிடம் பதில் இல்லை. இந்த அறிக்கையின் பெரும்பகுதி அவருக்கான பதில்.

முதலில் சம்பிரதாயக் கணக்கு. 12 கூட்டங்கள் திட்டமிட்டோம், 11 நடந்தன. நடக்காத கூட்டத்துக்குக் காரணம் அறைச் சாவி. அது இணைச் செயலாளரிடம் இருப்பதாக நானும், என்னிடம் இருப்பதாக அவரும் நினைத்துக்கொண்டோம். அன்று படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியதையும் கூட்டமாகவே கொள்ளலாம் என்று தலைவர் பெருந்தன்மையோடு சொன்னார். பதிவேட்டில் நான் ஏற்றவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் 9 பேர், நின்றுவிட்டவர்கள் 4 பேர். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கேள்வி கேட்டவரின் புண்ணியத்தில் நம் பரிந்துரைப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். "அவசியம் படிக்க வேண்டியது", "தவறவிடக் கூடாதது", "அருமை". ஓராண்டுப் பதிவுகளில் "அருமை" மட்டும் 31 இடங்களில் இருக்கிறது. அந்த 31-இல் ஒன்றையாவது இன்னொருவர் வாங்கிப் படித்ததற்கான குறிப்பைத் தேடினேன். இரண்டு கிடைத்தன. அதில் ஒன்று, பரிந்துரைத்தவரின் மனைவி எடுத்துக்கொண்டது.

நூலக அறிவியலுக்கு எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. நாம் இரண்டையும் விட்டுவிட்டு, எல்லாருக்கும் எல்லா நூலும் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம். ஆகவே மூன்றாவது கூட்டத்திலிருந்து பதிவேட்டில் ஒரு பத்தி கூட்டினோம்: "யாருக்கு?" அதை நிரப்பாமல் பரிந்துரை செல்லாது.

முணுமுணுப்பு இருந்தது. பரீட்சைத் தாள்போல் இருக்கிறது என்றார்கள். ஆனால் அந்தப் பத்தியில் வந்து விழுந்தவற்றைப் பாருங்கள். "தூக்கம் வராதவர்களுக்கு, படித்தால் இன்னும் வராது." "முதல் 40 பக்கம் பல்லைக் கடித்துக்கொள்ளக் கூடியவருக்கு." "அப்பாவோடு பேச்சு நின்றுபோனவர்களுக்கு." கடைசியாகச் சொன்ன அந்த மெல்லிய நாவல் ஐந்து மாதத்தில் ஆறு பேரிடம் போய் வந்திருக்கிறது. ஆறு பேரில் ஒருவர்கூடக் கூட்டத்தில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எடுத்த தேதியும் திருப்பிய தேதியும் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

இங்கே நான் அடிக்கடி சொல்லிச் சலிப்பூட்டும் சம்பவத்தை ஒருமுறை எழுத்திலும் வைத்துவிடுகிறேன். 1880-இல் உ.வே. சாமிநாதையரைச் சந்தித்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயரும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று நீளமாக அடுக்கினார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அதைப் படித்திருக்கவில்லை. 1887-இல் ஐயரின் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. அதற்குப் பின் நடந்தது தமிழ் இலக்கிய வரலாறு. எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. முதலியார் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடவில்லை. பிரதியைத் தேடிக் கொடுத்தார், எனக்குப் பாடம் சொல்லுங்கள் என்று கூடவே உட்கார்ந்தார்.

அந்தத் துணிச்சலில்தான் "இருவர் வாசிப்பு" தொடங்கினோம். பரிந்துரைப்பவர், தான் ஏற்கெனவே படித்ததையே மறுபடி எடுத்துக்கொண்டு, எடுத்துப்போகிறவரோடு அத்தியாயம் அத்தியாயமாகக் கூட வர வேண்டும். 5 ஜோடிகள் தொடங்கின, 3 முடித்தன. ஒரு ஜோடி கதாநாயகன் நல்லவனா கெட்டவனா என்பதில் மோதிக்கொண்டு இப்போதும் அரைப்பேச்சில்தான் இருக்கிறது. இதையும் வெற்றிக் கணக்கில் சேர்க்கிறேன், தலைவருக்கு உடன்பாடில்லை.

ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம் என் அவமானத்தில் பிறந்தது. ஐந்தாவது கூட்டத்தில் ஒரு நாவலைப் பற்றிக் கால் மணி நேரம் முழங்கினேன். புதிதாகச் சேர்ந்த கல்லூரி மாணவி, "சார், அந்தத் தங்கை கடைசியில் அப்படிச் செய்தது உங்களுக்குச் சரியாகப் பட்டதா?" என்றார். தங்கை என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. முக்கால்வாசியில் மூடி வைத்த புத்தகம் அது. கொஞ்சம் சுற்றி வளைத்துப் பார்த்தேன், முடியவில்லை, ஒப்புக்கொண்டேன். சிரிப்பு அடங்கியதும் இன்னொருவர், தானும் அதே நாவலை அதே இடத்தில்தான் விட்டதாகச் சொன்னார்.

அடுத்த மாதப் பொருளை அங்கேயே முடிவு செய்தோம்: பாதியில் விட்ட புத்தகங்கள். வழக்கமாக 20 பேர் வரும் அறையில் அன்று நாற்காலி போதவில்லை. எல்லாரும் புகழும் பெருநாவல்களைக் கீழே வைத்த பக்க எண்ணோடு சொன்னார்கள். ஒருவர் கொண்டுவந்த தடிமனான நூலில் 112-ஆம் பக்கத்தில் ஒரு திருமண அழைப்பிதழ் செருகியிருந்தது. அந்தத் தம்பதியின் மகன் இப்போது பள்ளிக்குப் போகிறானாம். ஏன் விட்டோம் என்று பேசும்போது ஒவ்வொருவருக்கும் எது ஒத்துவரும், எது வராது என்பது வெளிச்சமானது. பிடித்தவற்றின் பட்டியல்கள் இத்தனை ஆண்டுகளாக அதைக் காட்டவில்லை. அன்று மாலை "யாருக்கு?" பத்தியில் ஏறிய பெயர்கள்தான் அதிகம் பலித்தன.

புத்தக மாற்று நிகழ்ச்சி இரண்டு முறை நடந்தது. முதல் முறை ஆளாளுக்கு வீட்டில் இடத்தை அடைக்கும் பழைய தேர்வு வழிகாட்டிகளையும் காலாவதியான கணினிப் புத்தகங்களையும் கொண்டுவந்து கொட்டினார்கள். மாலை முடிந்தபோது மேசை, தொடங்கியபோது இருந்தது மாதிரியே இருந்தது. ஏப்ரல் 23, உலகப் புத்தக நாளன்று நடந்த இரண்டாவது மாற்றில், கொடுக்க மனம் வராத புத்தகத்தை மட்டுமே கொண்டுவரலாம், முதல் பக்கத்தில் காரணச் சீட்டும் இருக்க வேண்டும் என்றோம். வந்த புத்தகங்கள் முன்னதில் பாதிகூட இல்லை. ஒன்றும் மிஞ்சவில்லை.

காதால் கேட்பது வாசிப்பில் சேருமா என்ற சர்ச்சை இரண்டு கூட்டங்களைத் தின்றது. பார்வை மங்கிவரும் நம் மூத்த உறுப்பினர் ஒலிப்புத்தகம் கேட்டு நல்ல பரிந்துரைகள் தருகிறார். அவற்றைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது என்று ஒரு சாரார் நின்றார்கள். ஓலைக் காலத்தில் நூல் அரங்கேறியதே அவையோர் காதில்தான். வள்ளுவர் கல்விக்கு 40-ஆம் அதிகாரமும் கேள்விக்கு, அதாவது கேட்டறிவதற்கு, 42-ஆம் அதிகாரமும் கொடுத்தார். இடையில் 41-ஆவதாகக் கல்லாமை இருக்கிறது. இதை நான் சொன்ன பிறகு எதிர்த்தரப்பு அமைதியானது. பரிந்துரைகள் ஏற்றப்பட்டன.

வாட்ஸ்அப் குழுவில் இன்றைய எழுத்தாளர்களின் நூல்களைப் பிடிஎஃப்பாகப் போடுவது இனி கூடாது. எழுதியவருக்குச் சேர வேண்டியதை நாம் தடுக்கக் கூடாது. இலவசமாகவே வேண்டுமென்றால் 1998 முதல் தன்னார்வலர்கள் நடத்திவரும் மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் கொட்டிக் கிடக்கின்றன.

ஒரு புகாரும் உண்டு. இரவல் கொடுத்த புத்தகம் பென்சில் கோடுகளோடு திரும்பியதாக ஓர் உறுப்பினர் எழுதித் தந்தார். விசாரித்து, கோடுகளை அழித்துத் தர ஏற்பாடு செய்தேன். அழிப்பதற்கு முன் ஒருமுறை பார்க்கிறேன் என்று புகார் தந்தவரே புத்தகத்தை வாங்கிப் போனார். இரண்டு நாள் கழித்து, புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், கோடு போட்டவரின் அடுத்த பரிந்துரை தனக்கு வேண்டும் என்றும் குறிப்பு அனுப்பினார். கோடுகள் அப்படியே இருக்கின்றன.

இன்றைய நிலவரப்படி 7 புத்தகங்கள் திரும்பவில்லை. அவற்றில் இரண்டு என் வீட்டில் இருக்கின்றன. அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். மற்ற ஐந்தையும் வைத்திருப்பவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியும்.

இந்த அறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்