சீட்டுக்கு அடியில் ஒரு பேட்டரி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டிக் கூரையில் விளக்கும் உள்ளே ஃபிரிட்ஜும் மாட்டப்போவதாகவும், பானட்டைத் திறந்தால் பேட்டரியையே காணோம் என்றும் எழுதியிருந்தாய். அது டிரைவர் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. சேறும் எஞ்சின் சூடும் அண்டாத இடம். கை நுழைவதுதான் பெரும்பாடு.

சீட்டின் போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் அடியில் குனிந்து பார். மஞ்சள் நிற பிளக் ஒன்றோ இரண்டோ தெரியும். அவை ஏர்பேக்குக்கும் சீட் பெல்ட்டுக்கும் போகிறவை. அவற்றை உருவாமல், ஒயர் இழுபடாத அளவுக்கு சீட்டைச் சாய்த்து முட்டுக்கொடுத்தால் போதும். உருவித்தான் ஆக வேண்டுமென்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறு. பிளக் இல்லாமல் சாவி போட்டால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியும், பிளக்கைத் திரும்ப மாட்டினாலும் பெரும்பாலும் அணையாது. ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேடி அலைய வேண்டிவரும்.

பேட்டரியில் முதலில் மைனஸைத்தான் கழற்ற வேண்டும். மாட்டும்போது அது கடைசி. என் இடது மணிக்கட்டில் இருக்கிற தழும்பு அடுப்பில் சுட்டது என்று சின்ன வயதில் உனக்குச் சொல்லி வைத்திருந்தேன். அது பொய். மைனஸ் மாட்டியபடியே பிளஸ்ஸைக் கழற்றினேன். ஸ்டீல் கடிகாரப் பட்டை ஒருபக்கம் ஸ்பேனரிலும் மறுபக்கம் பாடியிலும் பட்டது. வண்டியின் பாடி முழுக்க மைனஸ்தானே, பட்டை நொடியில் பழுத்துவிட்டது. 12 வோல்ட்டில் ஷாக் அடிக்காது என்கிற தைரியம் எனக்கு இருந்தது. ஷாக் அடிக்கவில்லை, சுட்டது. நீ வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உட்கார். பேட்டரியின் பக்கவாட்டில் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று வெளியே போகும். சார்ஜ் ஏறும்போது கிளம்பும் வாயு உள்ளே தங்காமல் இருக்கத்தான் அது. திரும்ப மாட்ட மறக்காதே.

இனி ‘லைட் பார்’ என்கிற அந்த நீள விளக்குக்கு வருவோம். 120 வாட் என்கிறாய், 12 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர். 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் போதும். ஃபியூஸை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். விளக்குக்குப் பக்கத்தில் வைத்து, விளக்கைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பார்கள். ஃபியூஸ் ஒயருக்காக இருப்பது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரைக்கும் உள்ள ஒயருக்குக் காவலே கிடையாது. அது எங்காவது உரசி பாடியில் பட்டால் பேட்டரி தன்னிடம் இருப்பதையெல்லாம் அதில் கொட்டும், ஒயர் தீப்பிடிக்கும். ஆகவே பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும். உனக்குப் பேட்டரி சீட்டுக்கு அடியில், விளக்கு கூரையில். நடுவில் எத்தனை தகடு, எத்தனை ஓட்டை என்று எண்ணிப் பார். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒயர் தகட்டில் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம் (கிராமெட்) வேண்டும். நெளிகுழாய்க்குள் ஒயரைவிட்டு, ஒரு சாணுக்கு ஒரு டை போட்டுக் கட்டு. கல்பாதையில் ஒருநாள் ஓடினால், தார்ரோட்டில் வருஷக்கணக்கில் தேய்வது தேய்ந்துவிடும்.

அதே காரணத்துக்காகத்தான் ஒயர் முனையில் ஈயம் வைத்துப் பற்றவைக்காதே என்கிறேன். ஈயம் ஊறிய இடம் விறைத்துப்போய், அதிர அதிர அதன் ஓரத்தில் ஒயர் முறியும். ஒயர் முனையில் ‘லக்’ என்கிற உலோகக் காதைச் செருகி, நல்ல கிரிம்பிங் பிளையரால் அழுத்து. இழுத்துப் பார், வரக் கூடாது.

டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக 10 ஆம்பியரை ஓட்டாதே, ரிலே போடு. சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது, அதன் ஒவ்வொரு முனையிலும் ஒரு எண் இருக்கும். 30-க்கு ஃபியூஸிலிருந்து வரும் பிளஸ், 87-இலிருந்து விளக்கு. 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளின் முனைகள்: ஒன்றுக்கு சுவிட்சிலிருந்து வரும் ஒயர், மற்றதற்கு எர்த், அதாவது பாடிக்குப் போகும் ஒயர். சுவிட்ச் ஒயரில் கால் ஆம்பியர்கூடப் போகாது. ரிலேயை ஒயர் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி மாட்டினால் தண்ணீர் இறங்காது.

போட்டோவில் மைனஸ் முனையோடு ஒட்டிய சின்னக் கறுப்புப் பெட்டியைக் கவனித்தாயா? பேட்டரியில் எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று கணக்கு வைக்கும் சென்சார் அது. புது எர்த் ஒயரை நேராக மைனஸ் முனையில் மாட்டினால் அந்தக் கரண்ட் அதன் கணக்கில் வராது. பாடியில் பெயிண்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் போல்ட் போட்டு இறுக்கு. துரு பிடிக்காமல் மேலே கொஞ்சம் கிரீஸ் தடவு.

ஃபிரிட்ஜைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நின்று நின்று ஓடினாலும் சராசரி ஒன்றரை ஆம்பியர் என்று வை, 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 36 ஆம்பியர்-ஹவர். உன் 70 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பாதிக்குமேல் அதற்கே போய்விடும். எஞ்சின் நின்று சில மணி நேரம் ஆனபின் மீட்டர் வைத்துப் பார்: 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. வோல்ட் இறங்கினால் தானே நிற்கும் செட்டிங் ஃபிரிட்ஜிலேயே இருக்கும், அதை ‘ஹை’யில் வை. இரண்டாவது பேட்டரி போடும் யோசனை வந்தால் பிறகு பேசுவோம். சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் இப்போது வேண்டாம். முழு இழுப்பில் அது 400 ஆம்பியர்வரை கேட்கும், அதற்கான கேபிள் வேறு கதை.

சீட்டைத் திரும்பப் போடுவதற்கு முன்னால் ஒரு போட்டோ அனுப்பு. ஃபியூஸ் தெரிய வேண்டும். அந்த ஃபிரிட்ஜில் அப்படி என்னத்தை வைக்கப்போகிறாள் என்று அம்மா கேட்கிறாள்.

அப்பா