மலருக்கு: பார்த்தகாஸ் பெட்டியைத் திறக்கும் முன்

அன்பு மகள் மலருக்கு,

உங்கள் ஹோட்டல் லவுஞ்சுக்குப் பார்த்தகாஸ் சீரி டி நம்பர் 4 என்ற கியூபச் சுருட்டு வந்திருப்பதாகவும், அதற்குச் சுவைக் குறிப்பு எழுதும் வேலை உன் தலையில் விழுந்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். கூட அனுப்பிய பழைய குறிப்புகளையும் படித்தேன். தோல், கோகோ, மிளகு, தேவதாரு என்று சுவைகளின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அந்தச் சுருட்டு எவ்வளவு ஈரத்தில் இருந்தது, இழுப்பு இறுக்கமா தளர்வா, எந்த இடத்தில் கோணலாக எரிந்தது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ஈரம், வெட்டு, நெருப்பு, இழுக்கும் வேகம் ஆகிய நான்கும் சேர்ந்து சுவையில் பாதியைத் தீர்மானித்துவிடும். அவற்றை முதலில் ஒழுங்குக்குக் கொண்டுவா. அதன் பிறகும் தெரிகிற குறையை மட்டும் சுருட்டின் கணக்கில் எழுது.

பெட்டியிலிருந்து ஆரம்பி. பச்சை நிற அரசு உத்தரவாதச் சீட்டு இருக்கிறதா, அதில் பார்கோடு இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணை, கியூபச் சுருட்டுகளை உலகெங்கும் விற்கும் ஹபானோஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார். பிறகு பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார். ஹபானோஸ் எஸ்.ஏ., எச்சோ என் கூபா, தோத்தால்மென்தே அ மானோ என்ற மூன்றும் மரத்தில் சூடு வைத்துப் பதித்திருக்கும். முழுக்கக் கையால் செய்தது என்கிற அந்தக் கடைசி வாசகம் 1989இல்தான் சேர்ந்தது. ஹபானோஸ் நிறுவனம் 1994இல் வந்தது. எழுபதுகளின் சரக்கு என்று யாராவது இந்த முத்திரைகளுள்ள பெட்டியை நீட்டினால் மேலே பேச வேண்டியதில்லை. பக்கத்தில் மையால் குத்திய தொழிற்சாலைக் குறியும் மாதமும் ஆண்டும் இருக்கும். மாதத்துக்கு ஸ்பானிய மூன்றெழுத்து: எனே என்றால் ஜனவரி, அகோ ஆகஸ்ட், திக் டிசம்பர். அது பெட்டியில் அடுக்கிய மாதம் என்பதை மறந்துவிடாதே. குறிப்பின் முதல் வரியில் அதை எழுது; ஒரே சுருட்டு ஆறு மாதத்தில் ஒரு மாதிரியும் நான்கு ஆண்டில் வேறு மாதிரியும் இருக்கும்.

மூடியைத் திறந்ததும் நிற வரிசையைக் கவனி. கியூபத் தொழிற்சாலைகளில் நிறம் பிரிப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. இடது ஓரத்தில் கருத்தது, வலது ஓரம் போகப் போக வெளுத்தது என்று அடுக்குவார்கள். காகித வளையங்கள் எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே திசை பார்த்து இருக்கும். நிறங்கள் தாறுமாறாகக் கலந்து கிடந்தால் சந்தேகப்படு. கண்ணாடி மூடி போட்ட கோஹிபா (அதுவும் ஒரு கியூபச் சுருட்டு வகை) பெட்டி கண்ணில் பட்டால் சந்தேகமே வேண்டாம், போலிதான்.

வந்த அன்றே கொளுத்திவிடாதே. சரக்குக் கிடங்கும் துபாய் வெயிலும் கடந்து வந்த பெட்டி, ஈரம் காக்கும் ஹ்யூமிடார் பெட்டியில் மூன்று வாரமாவது கிடக்கட்டும். ஹபானோஸ் சொல்கிற அளவு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம், 16 முதல் 18 டிகிரி வெப்பம். கடைக்காரர்கள் 70இல் வைப்பார்கள், தொட்டால் மெத்தென்று இருக்கும், வாங்குகிறவருக்குப் பிடிக்கும். மதிப்பிடுவதற்கு 65தான் சரி. ஈரம் மிஞ்சினால் உள்ளிலை உப்பி இழுப்பை அடைக்கும். ஈர விறகு போலப் புகைந்து புகைந்து அணையும். நாக்கில் கசப்பு ஒட்டும். காய்ந்துபோனால் மேலிலை வெடிக்கும், வேகமாகச் சூடேறும், காரம் மட்டும் மிஞ்சும். ஈரமானியை நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய். ஒரு பாட்டில் மூடி நிறையச் சாப்பாட்டு உப்பு போட்டு, நனைந்த மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் போகாத ஜிப் பையில் ஒரு நாள் வை. அது 75 காட்ட வேண்டும். 71 காட்டினால், இனி அது காட்டுகிற எண்ணோடு நான்கைக் கூட்டிக்கொள்.

வெப்பம் 25 டிகிரியைத் தாண்ட விடாதே. புகையிலை வண்டின் முட்டைகள் அந்தச் சூட்டில் பொரிந்துவிடும். குண்டூசி குத்தினாற்போல மேலிலையில் வட்டத் துளைகள் விழும். ஒன்றில் கண்டாலும் முழுப் பெட்டியையும் தனியே எடுத்து வை. மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால், அது முதிர்ச்சியின் அடையாளம் என்று விற்பவர் சொல்வார். பெரும்பாலும் பூஞ்சணம்தான்.

இப்போது எடுத்துப் பார்க்கிற வேலை. மேல் அடுக்கின் இரண்டு ஓரத்திலிருந்தும் ஒவ்வொன்று, கீழ் அடுக்கின் நடுவிலிருந்து ஒன்று என மூன்று எடு. ஒற்றைச் சுருட்டை வைத்துப் பெட்டியை மதிப்பிடக் கூடாது, இது கைவேலை. டி நம்பர் 4 என்பது ரோபுஸ்டோ அளவு: நீளம் 124 மில்லிமீட்டர், ரிங் கேஜ் 50. ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் 50, அதாவது 20 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவான பருமன். எடை ஏறத்தாழ 12 கிராம். சமையல் தராசு போதாது. ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசில் மூன்றையும் நிறு. மற்ற இரண்டையும்விட ஒன்று தெளிவாகக் கனத்தால் அதன் இழுப்பு அடைப்பாக இருக்கலாம். லேசாக இருந்தால் காற்றோட்டம் மிகுந்து சூடாக எரியும். கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் அடியிலிருந்து தலைவரை மெதுவாக அழுத்திக்கொண்டே போ. அமுங்கி மீண்டு வந்தால் நல்லது. கல் போன்ற முடிச்சோ பொள்ளலான இடமோ தட்டுப்பட்டால் அடியிலிருந்து எத்தனை மில்லிமீட்டரில் என்று குறித்துக்கொள். எரியும்போது அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் உன் குறிப்புக்கு மதிப்பு.

உள்ளே இருப்பது தெரிந்தால்தான் அது புரியும். உள்ளிலை மூன்று வகை. செடியின் அடிப்பாகத்து வொலாடோ நன்றாக எரியும், சுவை குறைவு. நடுப்பாகத்து செக்கோ மணத்துக்கு. உச்சிப் பகுதியின் லிஹேரோ வெயிலை முழுக்க வாங்கிய தடித்த இலை. வீரியம் அதில்தான், எரிவதோ மெதுவாக. அதனால் சுருட்டுபவர் லிஹேரோவை நட்டநடுவில் வைத்து மற்றவற்றால் சூழுவார். அது ஓரமாக நகர்ந்துவிட்டால் அந்தப் பக்கம் எரியாமல் பின்தங்கி, எதிர்ப்பக்கம் ஓடிவிடும். இதையெல்லாம் சுற்றிக் கட்டும் ஓர் இலை பிடித்து நிறுத்த, அதற்கும் வெளியே மேலிலை. துணிப்பந்தலின் கீழ் வளர்த்த மெல்லிய இலை அது. பார்த்தகாஸுக்கு உரிய இலைகள் பினார் டெல் ரியோ மாகாணத்தின் வுவெல்டா அபாஹோவிலிருந்து வருகின்றன. சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்டினேஸ் என்று நீ பெட்டிப் பிரசுரங்களில் பார்க்கும் ஊர்கள் அங்கேதான்.

வெட்டுவதில்தான் பலர் கெடுக்கிறார்கள். தலையில் தொப்பி இலை சுற்று சுற்றாக ஒட்டியிருக்கும், மூன்று கோடுகள் தெரியும். வளைவு முடிந்து உடல் நேராகிற தோள் பகுதிக்குக் கீழே கத்தி போகக் கூடாது; போனால் மேலிலை அவிழும். 2 மில்லிமீட்டர் போதும். இரட்டைக் கத்தி கட்டரில், ஒரே அழுத்தாக. தயங்கித் தயங்கி அழுத்தினால் இலை கிழியும். துளை போடும் கருவியை மதிப்பீட்டில் தவிர்த்துவிடு. சின்னத் துளையில் தார் சேர்ந்து, சுருட்டின் கடைசிப் பகுதி உண்மையைவிடக் கசப்பாகத் தெரியும்.

கொளுத்துவதற்கு முன் வெறும் காற்றை இழுத்துப் பார். லேசான தடை இருக்க வேண்டும். கன்னம் குழியும் அளவுக்குத் தடை என்றால், விரல்களுக்கிடையே மெல்ல உருட்டு. போதாவிட்டால் இன்னும் அரை மில்லிமீட்டர் வெட்டு. அப்போதும் திறக்கவில்லையா, அடைப்பு என்று எழுதி அந்தச் சுருட்டைத் தள்ளிவை. ஊசி விட்டுத் திறக்கலாம், விருந்தினருக்கு அது உதவும். மதிப்பீட்டில் அப்படித் திறந்ததற்குச் சுவை மதிப்பெண் போடாதே. இந்தக் காற்றில் வருகிற வைக்கோல், உலர்ந்த அத்தி, தேவதாரு வாசனைகளையும் எழுது. மூக்கைச் சுருக்க வைக்கும் அம்மோனியா வந்தால் சுருட்டு இன்னும் இளசு; பதனம், அதாவது இலை நொதித்துப் பக்குவமாவது, முடியவில்லை. பெட்டியை மூடி ஆறு மாதம் கழித்துத் திற.

நெருப்புக்கு பியூட்டேன் லைட்டர் அல்லது தேவதாருச் சீவல். பெட்ரோல் லைட்டரும் மெழுகுவர்த்தியும் வேண்டாம், வாசனை இலையில் ஏறிவிடும். தீக்குச்சியென்றால் கந்தகம் எரிந்து முடியும்வரை பொறு. முதலில் சுடரைத் தொடவிடாமல் அடிப்பகுதியை வாட்டு. சுருட்டைச் சுற்றிக்கொண்டே இருபது, முப்பது விநாடி. விளிம்பு முழுக்கக் கருத்த பிறகு வாயில் வைத்து, சுடர் ஒரு விரல் தள்ளி இருக்க, சுற்றிக்கொண்டே இழு. பிறகு கங்கில் ஊதிப் பார். ஒரு பக்கம் கருப்பாகத் தெரிந்தால் அங்கே மட்டும் மறுபடி நெருப்புக் காட்டு. இதில் அவசரப்பட்டால் முதல் பத்து நிமிடம் கோணலாகத்தான் எரியும்; அதைச் சுருட்டின் குறை என்று எழுதுவது அநியாயம்.

வேகம் நிமிடத்துக்கு ஒன்று, இரண்டு மூன்று விநாடி இழுப்பு. அதற்கு மேல் போனால் கங்கு சூடேறி எல்லாச் சுருட்டும் ஒரே மாதிரிக் கசக்கும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காதே. நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு போன்ற அடிப்படைச் சுவைகள்தான் தெரியும். தோலும் கொட்டையும் மசாலாவும் மூக்கின் வேலை. நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை, வாயில் இருக்கும் புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியாக விடு, மிளகுக் காரம் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கும். பக்கத்தில் தண்ணீர் மட்டும். காபியும் ரம்மும் விருந்தினருக்கு.

ரோபுஸ்டோ 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் போகும். மூன்று பங்காகப் பிரித்து எழுது. முதல் பங்கில் அவசரத் தீர்ப்பு வேண்டாம். நடுப்பங்குதான் கலவை செய்தவரின் எண்ணம் தெரியும் இடம். பார்த்தகாஸ் என்றால் ஈர மண், மிளகு, வறுத்த காபி எல்லாம் அங்கே தடித்து வர வேண்டும். வீரியம் நிறைந்த வகை என்றே ஹபானோஸ் அதை வகைப்படுத்துகிறது. மென்மையைத் தேடி ஏமாறாதே. கடைசிப் பங்கில் புகையிலிருந்து படிந்த தாரும் நிக்கோட்டினும் தலைப்பக்கம் சேர்ந்திருக்கும், காரம் ஏறுவது இயல்பு. கங்கு அணையாமல் ஒருமுறை உள்ளிருந்து மெல்ல வெளியே ஊது, தேங்கிய புகை போகும். அதன் பிறகும் கசப்பே என்றால் எழுதிவிட்டு வைத்துவிடு.

சாம்பலைச் சிகரெட் போலத் தட்டாதே. 2 சென்டிமீட்டர் ஆனதும் சாம்பல் கிண்ணத்தின் விளிம்பில் சாய்த்தால் தானே விழும். வெள்ளைச் சாம்பல் உயர்ந்தது என்று ஒரு பேச்சு உண்டு. மண்ணில் இருக்கும் தாது உப்புகள்தான் நிறத்தை மாற்றுகின்றன. உதிர்கிறதா, நிற்கிறதா என்பதை எழுது. கங்கின் விளிம்பு அரை சென்டிமீட்டருக்கு மேல் கோணினால் ஒருமுறை நெருப்புக் காட்டிச் சரிசெய். மறுபடி கோணினால் அது சுருட்டுபவரின் குறை. வெளியே எரியாமல் உள்ளே மட்டும் குடைந்துகொண்டு போனால், பெரும்பாலும் மிக மெதுவாக இழுத்திருப்பாய் அல்லது மேலிலை ஈரமாக இருந்திருக்கும். வேகத்தைச் சற்றுக் கூட்டிப் பார்த்துவிட்டு எழுது.

மதிப்பெண்ணுக்கு நான் பிரிக்கிற முறை: தோற்றத்துக்கு 10, இழுப்புக்கும் எரிதலுக்கும் 30, சுவைக்கும் மணத்துக்கும் 40, மூன்று பங்கும் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு 20. காகித வளையத்தைக் கழற்றி எண் ஒட்டி, வேறு யாரையாவது கையில் கொடுக்கச் சொல். ஒப்பிட ஹோயோ டி மான்டெரே எபிக்யூர் நம்பர் 2ஐயும் சேர்த்துக்கொள். அதுவும் 124 மில்லிமீட்டர், 50 ரிங். அளவு ஒன்றே என்பதால் தெரிகிற வித்தியாசம் பெரும்பாலும் கலவையுடையது. அது கியூபாவின் மென்மையான வகைகளில் ஒன்று. கோஹிபா ரோபுஸ்டோஸும் இதே அளவுதான்; செக்கோ, லிஹேரோ இலைகளுக்குப் பீப்பாயில் கூடுதலாக ஒரு பதனம் செய்வதன் வழவழப்பு அதில் தெரியும். விலையை மட்டும் கணக்கில் சேர்க்காதே. 2022இல் கோஹிபா, டிரினிடாட் என்ற இரண்டு சுருட்டு வகைகளின் விலைகளை உலகெங்கும் ஒரே மட்டத்துக்கு ஏற்றினார்கள். இலை அதற்காக மாறிவிடவில்லை.

மூன்றில் ஒன்று அடைத்தால் கியூபச் சரக்கில் அது ஆச்சரியமில்லை. இரண்டு அடைத்தால் பெட்டியை 62 சதவீத ஈரத்தில் ஒரு மாதம் வைத்து, வேறு மூன்று எடுத்துப் பார். அப்போதும் அதே கதை என்றால் சப்ளையரிடம் திருப்பு.

ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் வேண்டாம் கண்ணு, சாப்பிட்ட பிறகு மட்டும். சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. உள்ளே இழுக்காவிட்டாலும் வாயின் தோல் வழியாகவே நிக்கோட்டின் ஏறிவிடும். தலை சுற்றி வியர்த்தால் உடனே வைத்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் குடி. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு இது காரணமாவது நிச்சயம் என்பதால், மூன்று சுருட்டையும் மூன்று வாரத்தில் பரப்பிக்கொள் என்றே சொல்வேன். உன் மேலாளர் அவசரப்படுத்தினால் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்.

எழுதியதும் மூன்று சுருட்டுகளின் குறிப்புகளையும், பெட்டியின் அடிப்பக்கப் படத்தையும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா