கேட்காமல் கிடைத்த காவல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த வீட்டுப் பாதுகாப்புக் கேமராக்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். விலை, தவணை, கைப்பேசிச் செயலி என எல்லாவற்றையும் விளக்கிய கட்டுரையாளர், எதிர்வீட்டாருக்கும் இதனால் செலவில்லாத காவல் கிடைக்கிறது என்று மகிழ்ச்சியோடு முடித்திருந்தார். அந்த எதிர்வீட்டுக்காரன் நான்தான் என்பதால் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் குடியிருப்புப் பகுதியான தாமானில் சாலை இரண்டு கார்கள் ஒதுங்கிப் போகும் அகலம்தான். எதிர்வீட்டு நண்பர் கார் நிறுத்துமிடத்தின் கூரையடியில் மாட்டியிருக்கும் கேமரா, அவர் வாசலைக் காட்டிலும் என் வாசலையே நன்றாகப் பார்க்கிறது. இருட்டிலும் அதற்குக் கண் தெரியும், பேச்சும் கேட்கும், ஆள் நடமாடினால் சிங்கப்பூரில் வேலை செய்யும் அவருடைய மகனின் கைப்பேசிக்குத் தகவல் போகும். சென்ற ஆண்டு கணவரோடு ஏற்பட்ட மனத்தாங்கலில் என் மகள் நள்ளிரவில் பெட்டியோடு வாடகைக் காரில் வந்து இறங்கினாள். அவளும் அவள் தாயும் வாசலில் நின்று அழுததும் பேசியதும், 'சந்தேகத்துக்குரிய கார்' என்ற குறிப்போடு விடிவதற்குள் தாமான் வாட்ஸ்அப் குழுவில் வலம் வந்துவிட்டன. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போன என் மனைவியிடம், மாப்பிள்ளை எப்போது வருகிறார் என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார்கள். நண்பரிடம் முறையிட்டேன். "எல்லாருடைய நல்லதுக்குத்தானே, அண்ணே" என்றார். கட்டுரையாளரும் அதைத்தான் எழுதியிருக்கிறார்.

நான் தோட்ட மருத்துவமனையில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் யாருக்குக் காசநோய், எந்தப் பெண் எதற்காக அழுதுகொண்டு வந்தாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் மனைவிக்குத் தெரியாது. அப்படிக் காத்த வாய்க்கு இந்த வயதில் கிடைத்த மரியாதை இது.

கண்காணிப்பு எங்களுக்குப் புதிதல்ல என்பது தாங்கள் அறியாததா? 1948 ஜூன் 16 அன்று தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயாவில் ஆங்கிலேய ஆட்சி கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அறிவித்த அவசரகாலத்துக்கு வழி வகுத்த ஊர் எங்கள் சுங்கை சிப்புட். அதன் பிறகு லயங்களுக்கு முள்வேலி வந்த கதையை என் தந்தையார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேலி போன பின்பும், ஊரிலிருந்து ஒரு மாமன் மச்சான் வந்து இரவு தங்கினால் காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி கேட்பார். பக்கத்து வீட்டுச் சண்டை பலகைச் சுவர் வழியாக வந்து நம் வீட்டில் உட்கார்ந்துகொள்ளும். நமக்கென ஒரு கல்சுவர் வேண்டும் என்றுதான் சேமநிதிப் பணத்தைப் போட்டுத் தாமானில் வீடு வாங்கினோம். கங்காணியாவது இரவில் தூங்கினார்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிகப் பரிவர்த்தனைகளுக்கு உரியது; அதன் 45ஆம் பிரிவு தனிப்பட்ட, குடும்ப, வீட்டு உபயோகத்துக்கு விலக்களித்துவிடுகிறது. 2024இல் அதைத் திருத்தி, அபராத உச்சவரம்பை மூன்று லட்சம் ரிங்கிட்டிலிருந்து பத்து லட்சமாக உயர்த்தியபோதும் அந்த விலக்கு அப்படியே இருந்தது. வீட்டு முற்றத்தை நோக்கிய அண்டைவீட்டுக் கேமராவுக்கு எதிராக ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் முன்பே ஒரு வழக்கில் ஆணையிட்டிருக்கிறது, உண்மைதான். ஆனால் ஓய்வூதியக்காரன் வழக்கறிஞர் கட்டணத்துக்கு எங்கே போவான்? இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபர்டு நீதிமன்றம் 2021இல், இத்தகைய கேமராக்களின் ஒலிப்பதிவு காட்சிப்பதிவைவிட மோசமானது என்றே கூறியது. தங்கள் கட்டுரையில் ஒலியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

வாங்கியவருக்கு மட்டும் காவல் உறுதியா என்றால் அதுவும் இல்லை. அமேசானுக்குச் சொந்தமான ரிங் என்ற கேமரா நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் பெண் வாடிக்கையாளர்களின் படுக்கையறைக் காட்சிகளைப் பார்த்துவந்ததாக அமெரிக்க வணிக ஆணையம் 2023இல் குற்றம் சாட்ட, அந்நிறுவனம் 58 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டு அதை முடித்துக்கொண்டது. 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற இன்னொரு கேமரா நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராவின் படங்கள் போய்ச் சேர்ந்தன. இவை உலகச் செய்திகள். தங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்காமல் இராது. கட்டுரைக்குப் பக்கத்திலேயே அரைப்பக்கம் கேமரா விளம்பரம் இருந்ததால் இடம் போதவில்லை போலும். எங்கள் சாலையில் விளக்குகள் எரியாததால்தான் திருட்டுப் பயம் வந்தது, கேமராவும் வந்தது; அந்த விளக்குகளைப் பற்றி நான் முன்பு எழுதிய கடிதத்தையும் இடமின்மையால் பாதியாக வெட்டித்தான் பிரசுரித்தீர்கள்.

கேமராவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான கேமராக்களில் ஒலிப்பதிவை நிறுத்தி வைக்கலாம். அடுத்தவர் வீடு தெரியும் பகுதியைக் கறுப்புக் கட்டமிட்டு மறைக்கும் வசதியும் பலவற்றில் உண்டு. சற்றுக் கீழ்நோக்கித் திருப்பி மாட்டினாலே பாதிச் சிக்கல் தீரும். இவற்றை எப்படிச் செய்வது என்பதை அதே ஞாயிறு பக்கத்தில், படத்துடன், ஒரு சிறு கட்டமாக வெளியிட்டால் போதும். நான் சொன்னால் கேளாத நண்பர் தங்கள் பத்திரிகை சொன்னால் கேட்பார். அவர் தங்கள் நெடுநாள் சந்தாதாரர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.