சாணக்கியருக்கு ஒரு கடிதம்: பக்கத்து நாடுன்னாலே எதிரிதானா?

சாணக்கியர் ஐயாவுக்கு,

வணக்கம். அர்த்தசாஸ்திரம்ங்கற உங்க அரசியல் நூல எழுதுனது நீங்க ஒரே ஆளா, இல்ல உங்க பேர்ல பல பேர் சேர்ந்து எழுதுனதான்னு ஆராய்ச்சிக்காரங்க இன்னமும் அடிச்சுக்கிட்டு இருக்காங்க, அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரல. என் பிரச்சனை வேற. எந்த ரெண்டு நாட்டு எல்லையில உரசல் வந்தாலும் சாயங்காலத்துக்குள்ள உங்க குடுமி வச்ச படத்தப் போட்டு "பக்கத்து நாட்டுக்காரன் எதிரி, அவனுக்கு அந்தப் பக்கம் இருக்கறவன் நண்பன்"னு ஒரு ஃபார்வர்ட் வந்துடுது. அனுப்புறவங்க அர்த்தசாஸ்திரத்தத் தொறந்தே பாத்திருக்க மாட்டாங்க, அது வேற கதை.

நாடுகள வட்டம் வட்டமா வச்சு எதிரி, நண்பன்னு பிரிக்கற உங்க மண்டலக் கணக்கு தப்புன்னு சொல்ல வரல. பல இடத்துல அப்படியே பொருந்துது, அதான் பயமா இருக்கு. சாளுக்கிய புலிகேசியும் பல்லவ நரசிம்மவர்மனும் பக்கத்துப் பக்கத்து ராஜ்ஜியம், ஜென்மப் பகை. பல்லவனுக்குத் தோள் குடுத்தது யாருன்னா கடலுக்கு அந்தப் பக்கத்துல இருந்து அரசு இழந்து வந்த இலங்கை இளவரசன் மானவர்மன். 642 வாக்குல சாளுக்கிய தலைநகர் வாதாபி விழுந்துச்சு, பின்னாடி பல்லவன் படை அனுப்பி மானவர்மன இலங்கை சிம்மாசனத்துல உக்கார வச்சான். அப்புறம் பிரான்ஸ். சுத்தி ஹாப்ஸ்பர்க்ங்கற ராஜ வம்சத்தோட ராஜ்ஜியம் நெருக்குனதும் கிறிஸ்தவ ராஜா முதலாம் ஃபிரான்சிஸ் போய் துருக்கியோட முஸ்லிம் ஒட்டோமான் சுல்தானோட கை கோத்தாரு, 1543 குளிர்காலத்துல சுல்தானோட கப்பல் படை பிரான்ஸோட தூலோன் துறைமுகத்துலயே தங்குச்சு, ஐரோப்பாவே வாயப் பொளந்துச்சு. 1979 இன்னும் பச்சையா இருக்கும். சீனாவும் வியட்நாமும் ரெண்டுமே கம்யூனிஸ்ட், அமெரிக்காவ எதிர்த்து சேர்ந்து நின்னவங்க. ஆனா வியட்நாமுக்குத் துணை சீனாவுக்கு வடக்க இருக்கற சோவியத், சீனாவுக்குத் துணை வியட்நாமுக்கு மேற்க இருந்த கம்போடியாவோட போல் பாட் ஆட்சி. வியட்நாம் கம்போடியாவுக்குள்ள போனதும் பிப்ரவரியில சீனா வியட்நாமுக்குள்ள புகுந்துடுச்சு. கொள்கையாவது கத்திரிக்காயாவது, மேப்பு ஜெயிச்சுடுச்சு.

ஆனா ஐயா, உங்க வட்டத்துல ஒண்ணு இடிக்குது. பொது எதிரியால வர்ற நட்பு அந்த எதிரி இருக்கற வரைக்கும்தான். பழைய கிரேக்கத்துல ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் பாரசீகத்த சேர்ந்து விரட்டுனாங்க, பாரசீகம் ஒதுங்குனதும் அவங்களே 27 வருஷம் முட்டிக்கிட்டாங்க, கடைசியில அதே பாரசீகத்து காச வாங்கித்தான் ஸ்பார்ட்டா கப்பல் படை கட்டி ஜெயிச்சுச்சு. ஏதென்ஸ தரைமட்டமாக்கணும்னு தீப்ஸ், கொரிந்துங்கற வேற ரெண்டு கிரேக்க நகரமும் குதிச்சப்ப வேண்டாம்னு தடுத்தது ஸ்பார்ட்டாதான். பத்து வருஷம்கூட ஆகல, அந்த தீப்ஸும் கொரிந்தும் ஏதென்ஸ் பக்கம் சேர்ந்து ஸ்பார்ட்டாவ அடிச்சாங்க. அப்புறம் தீப்ஸ் பெருத்ததும் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் திரும்ப ஒண்ணு சேர்ந்தாங்க. மேப்பு மாறவே இல்ல, நண்பன் மட்டும் மாறிக்கிட்டே இருக்கான், அப்ப உங்க வட்டத்த வச்சு நாளைக்கு யாரு எதிரின்னு எப்படி சொல்றது?

அதவிட எனக்கு உறுத்துறது, சண்டை எதுக்குங்கற கேள்வி ஃபார்வர்ட்ல வர்றதே இல்ல. நாலாயிரத்து ஐநூறு வருஷம் முன்னாடி இப்ப ஈராக் இருக்கற சுமேரியாவுல லகாஷ், உம்மாங்கற ரெண்டு நகரமும் அடிச்சுக்கிட்டது பக்கத்துல இருந்த ஒரே காரணத்துக்காக இல்ல, நடுவுல இருந்த விளைநிலத்துக்கும் வாய்க்கால் தண்ணிக்கும். கிஷ்ங்கற இன்னொரு நகரத்து ராஜா மெசிலிம் நடுவுல வந்து எல்லைக்கல் நட்டுக் குடுத்தான், உம்மாக்காரங்க அதப் பேத்து எறிஞ்சாங்க, தலைமுறை தலைமுறையா நீண்டுச்சு.

அந்த நடுவுல இருக்கற பொருள என்ன பண்றோம்ங்கறதுலதான் எல்லாமே இருக்குன்னு நான் நினைக்கிறேன். பிரான்ஸும் ஜெர்மனியும் 1870, 1914, 1940னு எழுபது வருஷத்துல மூணு தடவ மோதுனாங்க, நடுவுல அல்சாஸ்-லொரேன்ங்கற எல்லைப் பகுதி நாலு தடவ கை மாறுச்சு. உங்க கணக்குப்படி நாலாவது போர் வந்திருக்கணும். 1950 மே 9ஆம் தேதி பிரான்ஸோட வெளியுறவு அமைச்சர் ரோபர்ட் ஷூமன், ரெண்டு நாட்டு நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது நிர்வாகத்துக்குக் கீழ வைக்கலாம்னாரு. பீரங்கி செய்யற பொருளே அதுதானே! இந்த ஷூமன் ஜெர்மன் குடிமகனா பொறந்தவரு, லொரேன் பிரான்ஸுக்குத் திரும்புனப்ப பிரெஞ்சுக்காரரா ஆனவரு, எல்லைக்கோடு தன் மேலயே ஓடுன ஆளு. அடுத்த வருஷம் ஆறு நாடு கையெழுத்து போட்டுச்சு. சோவியத் பயமும் அமெரிக்க அழுத்தமும் இருந்துச்சு, ஒத்துக்கறேன், நீங்க கெக்கலி கொட்டுறது கேக்குது. ஆனா சோவியத் உடைஞ்சு முப்பது வருஷம் தாண்டியும் அந்த நட்பு ஏதென்ஸ் நட்பு மாதிரி கெட்டுப் போகல.

எல்லா ஏற்பாடும் நிக்கும்னும் இல்ல. இந்தியாவும் பாகிஸ்தானும் 1960ல சிந்து நதி ஒப்பந்தம் போட்டுச்சு, கிழக்கு மூணு ஆறு இங்க, மேற்கு மூணு ஆறு பெரும்பாலும் அங்க. 1965, 1971, கார்கில் எல்லாத்தையும் தாண்டி அது நின்னுச்சு. 2025 ஏப்ரல்ல பஹல்காம் தாக்குதலுக்கு அப்புறம் இந்தியா அத நிறுத்தி வச்சுது. தண்ணிய முழுசா பிரிச்சுக் குடுத்துட்டதால சேர்ந்து நடத்த பெருசா ஒண்ணும் மிச்சம் இல்ல, நிலக்கரி கதையில சேர்ந்து நடத்த வேண்டியது இருந்துச்சு. இது என் யோசனை மட்டும்தான், நீங்க வேற சொல்லலாம்.

கடைசியா ஒண்ணு. உங்க ஏழாவது பகுதியில, சமாதானத்துலயும் போர்லயும் கிடைக்கற லாபம் சமமா இருந்தா சமாதானத்தையே எடு, போர்ல ஆள் சேதம், செலவு, ஊர விட்டு இருக்கறது எல்லாம் வரும்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு ஒரு ஃபார்வர்ட்கூட எனக்கு இதுவரைக்கும் வந்ததில்ல ஐயா.

இப்படிக்கு,
உங்கள பாதி நம்புற ஒருத்தன்