படம் பிடித்து அளவெடுப்பது பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்பானவர்களுக்கு வணக்கம்.

திருக்கடலூரில் நாங்கள் படங்களை வைத்து அளவு கொடுத்த ஒரு படகு உறை, நீளம் போதாமல் கட்டையாகிப்போன கதை கிண்ணியா வரை போய்விட்டதாம். "நாலு படம் எடுத்துவிட்டுக் காசு வாங்குகிறார்கள், டேப் பிடித்தால் முடிந்தது" என்றும் கதைக்கிறார்களாம். உறையை விட இந்தப் பேச்சுத்தான் சுடுகிறது.

நேரான பலகைக்கு டேப் போதும், நாங்களே அதைத்தான் சொல்லுவோம். படகின் முன்புற அணிய வளைவையும் கோயில் வாகனத்தின் கழுத்தையும் டேப்பால் பிடித்துப் பாருங்கள்; ஒருவருக்கு வந்த அளவு அடுத்தவருக்கு வராது. 1858இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் தேவாலயத்தை ஏறி அளக்கப் போய், விழாமல் தப்பிய மெய்டன்பாவர் என்ற கட்டடக் கலைஞர் படத்திலேயே அளக்கலாமே என்று யோசித்தார். அந்த வேலைதான் இது.

பொருளைச் சுற்றி வந்து எடுக்க வேண்டும். ஒரே புள்ளி மூன்று படங்களிலாவது வேறு வேறு கோணத்தில் விழுந்தால்தான் அது எங்கே இருக்கிறதென்று கணினி நம்பிக்கையாகச் சொல்லும். இடையில் சூம் செய்யக்கூடாது. புதுப் பெயின்ட் பளபளத்தால் கணினிக்குப் பிடி கிடைக்காது, அதற்குத்தான் கறுப்பு வெள்ளைத் தாள் துண்டு ஒட்டுகிறோம். (பிள்ளை விளையாட்டு என்று சிரித்தவர்களும் உண்டு.)

இவ்வளவும் செய்தாலும் உருவம்தான் வரும், அளவு வராது. நிசப் படகா பொம்மைப் படகா என்று படத்துக்குத் தெரியாது. பக்கத்தில் வைக்கும் 1 மீற்றர் கோல்தான் அளவைத் தருகிறது. அந்தத் திருக்கடலூர்ப் படகைப் பார்க்க எங்களை அழைக்கவில்லை. அவசரத்தில் எடுத்த படங்கள் வட்ஸ்அப்பில் சுருங்கி வந்தன; கோல் இல்லை; நீளம் 18 அடி என்று வாயால் சொன்னார்கள். இருந்ததோ 18 அடி 6 அங்குலம். அந்த அரை அடி நீளத்தோடு நிற்காது, எல்லா அளவும் அதே விகிதத்தில் குறைவதால் 6 அடி அகலத்திலும் 2 அங்குலத்தைத் தின்றுவிடும். தோராயம்தான் என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தோம்.

சரி, அது போகட்டும். 2022இல் கரண்ட் இல்லாமல் வேலை இழுபட்டபோதும் முகம் சுளிக்காமல் காத்திருந்த மேசன்மார், ஆசாரிமார், படகுக்காரர் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பழைய படங்கள் பத்திரமாக இருக்கின்றன. விட்டுப்போன அளவு வேண்டுமென்றால், படகு கடலில் நின்றாலும் அந்தப் படங்களிலிருந்தே எடுத்துத் தருவோம், அதற்குக் காசில்லை.

எங்கள் பொடியன் கட்டாருக்குப் போனதால் மூதூர், கிண்ணியாப் பக்கம் இனிச் சனிக்கிழமைகளில் மட்டும் வருவோம், கட்டணமும் அடுத்த மாதம் கொஞ்சம் கூடும்.

உறைக்கார அண்ணர் படகைக் கரையேற்றும் நாளில் ஒரு சொல் சொல்லியனுப்பட்டும். கோலோடு வருகிறோம்.

இப்படிக்கு,
உரிமையாளர்
திருகோணமலை