பள்ளிச் சுவருக்குப் பின்னால் ஈயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. கடைசியாக வேலை பார்த்த பள்ளியின் பின்சுவரை ஒட்டி, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை இருந்தது. காற்று திரும்பினால் பெஞ்சுகளில் சாம்பல் நிறத் தூசி படியும். பிள்ளைகள் அதில் விரலால் பெயர் எழுதுவார்கள். அப்புறம் அதே விரல் வாய்க்குப் போகும். கையெழுத்து அழகாக இருக்கிறதென்று நானே பாராட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது.

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழுங்கும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் மோசம். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின், அதாவது 80 கோடி வரையிலான குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கவலைக்குரிய அளவில் இருப்பதாக யுனிசெஃப் 2020-இல் சொன்னது.

புகார் கொடுத்தோம். "பிள்ளைகள் நன்றாகத்தானே விளையாடுகிறார்கள்?" என்று கேட்டார் ஓர் அதிகாரி. சரி, காய்ச்சலா, தொட்டுப் பார்த்தால் தெரிவதற்கு? ரத்தத்தில் ஈயம் ஏறினால் படித்தது மனதில் நிற்காது, கவனம் சிதறும். நாம் 'மந்தம்' என்று பெயர் வைத்துவிடுவோம். நானும் வைத்திருக்கிறேன்.

வசதியானவர்கள் குடியிருக்கும் இடத்தில் இப்படி ஒரு கொட்டகை போட விடுவார்களா? உருக்குமிடங்களைப் பள்ளிகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் தள்ளி வையுங்கள். சுற்றியுள்ள பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்யுங்கள். அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு முதலில். அப்பாவின் சட்டையோடு அந்தத் தூசி வீட்டுக்குள்ளும் வருகிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை